ஓப்பன்பிரிஸ்கிரைபிங்: டாக்டர் எழுதும் மருந்தின் கணக்கை ஊரே பார்க்கலாம்

இங்கிலாந்தில் ஒரு ஜிபி (குடும்ப டாக்டர்) சர்ஜரியில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். சர்ஜரி என்றதும் ஊரில் இருப்பவர்கள் ஆபரேஷன் தியேட்டரை நினைத்துக்கொள்வார்கள், அதெல்லாம் இல்லை, சளிக்கும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போகிற சாதாரண கிளினிக்கைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். கவுன்டரில் நின்று மருந்து கொடுப்பது என் வேலை இல்லை. டாக்டர்கள் எழுதியதைச் சரிபார்ப்பது, வருடக்கணக்காக ரிப்பீட்டில், அதாவது டாக்டரைப் பார்க்காமலே திரும்பத் திரும்ப வாங்கும் பட்டியலில், ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகளில் எது இன்னும் தேவை, எதை நிறுத்தலாம் என்று தோண்டுவது, இதுதான். அதற்காக நான் அடிக்கடி திறக்கும் ஒரு இணையதளத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் ஓப்பன்பிரிஸ்கிரைபிங். இலவசம், லாகின் கிடையாது. இங்கிலாந்தில் உங்கள் ஜிபி சர்ஜரியின் பெயரைத் தட்டினால் அங்கே என்ன மருந்து எவ்வளவு எழுதினார்கள், எவ்வளவு பணம் ஆனது என்பது கோட்டுப்படமாக வந்து நிற்கும்.

இப்படி ஒன்று ஏன் தேவைப்படுகிறது என்பது இங்குள்ள ஏற்பாடு தெரிந்தால்தான் புரியும். இங்கிலாந்தில் காசு கட்ட வேண்டிய நோயாளி ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட் கட்டுகிறார். அந்த மருந்தின் விலை ஒரு பவுண்டாக இருந்தாலும் அதேதான், இருநூறு பவுண்டாக இருந்தாலும் அதேதான். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், இன்னும் பல பிரிவினர் அதுவும் கட்ட வேண்டாம், அதனால் பத்தில் ஒன்பது மருந்து இலவசமாகவே போகிறது. (வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் எல்லாருக்குமே இலவசம்.) பார்மசிக்குப் பணம் தருவது அரசின் பொது மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ், அதுவும் டிரக் டாரிஃப் என்று மாதாமாதம் வெளியாகும் ஒரு விலைப்பட்டியலை வைத்து. ஆக, மாத்திரையை விழுங்குகிறவருக்கு விலை தெரியாது. எழுதுகிற டாக்டருக்கு ஒரு நோயாளிக்குப் பத்து நிமிஷம்தான், அந்தப் பத்து நிமிஷத்தில் விலையைப் பற்றி யார் நினைப்பார்கள். விலைச்சீட்டே ஒட்டாத கடை ஒன்றில் வருடத்துக்கு 100 கோடிக்கும் அதிகமான பொருள் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகைப்படுத்தவில்லை, இங்கிலாந்தில் சமூக பார்மசிகள் வழியாக வருடத்துக்கு வழங்கப்படும் மருந்துகளின் எண்ணிக்கை நிஜமாகவே அவ்வளவு.

பார்மசிகள் அனுப்பும் கணக்கை வைத்து என்ஹெச்எஸ்ஸின் பணப்பட்டுவாடா அலுவலகம் மாதாமாதம், சர்ஜரி வாரியாக ஒரு பெரிய கோப்பை வெளியிடுகிறது. 2010 முதலான கணக்கு பொதுவெளியில் உண்டு. ஆனால் கோடிக்கணக்கான வரிகள் உள்ள கோப்பை எக்செலில் திறந்தால் கணினி மூச்சுத் திணறி நின்றுவிடும், நான் ஆரம்பத்தில் முட்டாள்தனமாகத் திறந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பை எடுத்து மனிதர்கள் படிக்கிற மாதிரி ஆக்கியதுதான் இந்தத் தளம். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பென் கோல்டேக்கர் என்ற மருத்துவரின் குழு செய்தது, இப்போது அங்குள்ள பென்னட் இன்ஸ்டிடியூட் நடத்துகிறது. மென்பொருளின் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. என்ஹெச்எஸ் ஊழியர்களுக்கென்று லாகினோடு இபேக்ட்2 என்று ஒரு கருவி தனியாக உண்டு, அதில் இன்னும் நுணுக்கமாகத் தோண்டலாம், ஆனால் அதில் ஒரு அறிக்கையை உருவாக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

முதல் தடவை எங்கள் சர்ஜரியின் பக்கத்தைத் திறந்தது நன்றாக நினைவிருக்கிறது. மெஷர்ஸ் (அளவுகள்) என்று ஒரு பகுதி, அதில் வரிசையாகச் சின்னச் சின்ன கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீலத்தில் புள்ளிக்கோடுகள், அவை நாட்டில் உள்ள மற்ற சர்ஜரிகள் எங்கே நிற்கின்றன என்பதைப் பத்துப் பத்து சதவீதமாகப் பிரித்துக் காட்டுபவை. நடுவே சிவப்பில் ஒரே ஒரு கோடு. அதுதான் நாங்கள். பெரும்பாலான கட்டங்களில் அந்தச் சிவப்பு, நீலக் கூட்டத்துக்குள் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் மட்டும் எல்லா நீலத்தையும் தாண்டி மேலே, தனியாக. பின்னால் நின்றிருந்த பிராக்டிஸ் மேனேஜர் "இது எல்லாருக்கும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். எல்லாருக்கும் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கட்டத்தின் பெயர் கோஸ்ட் பிராண்டட் ஜெனரிக். ஜெனரிக் என்றால் பிராண்ட் பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரிலேயே வருவது. தமிழில் பேய் பிராண்ட் என்று வைத்துக்கொள்ளலாம், பொருத்தமாகத்தான் இருக்கிறது. விஷயம் இதுதான். பிரஷருக்கு அம்லோடிபின் எழுதுகிறோம். வெறுமனே அம்லோடிபின் 5 மி.கி. என்று எழுதினால் பார்மசி எந்தக் கம்பெனியுடையதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், என்ஹெச்எஸ் டாரிஃப் விலையைக் கொடுத்துவிடும், ஒரு மாதத்துக்கு ஒரு பவுண்டை ஒட்டித்தான் வரும். ஆனால் கணினியில் அந்தப் பெயருக்குக் கீழேயே அதே பெயர், அடைப்புக்குறிக்குள் ஒரு கம்பெனியின் பெயரோடு இன்னொரு வரி இருக்கும். அதைத் தெரிவு செய்தால் அந்தக் கம்பெனியின் பட்டியல் விலைதான் கணக்கு, அது சில மருந்துகளுக்கு டாரிஃபைவிடப் பல மடங்கு இருக்கும். மருந்து அதே மருந்து. பெட்டிக்குள் இருக்கும் மாத்திரைகூட அதே மாத்திரையாக இருந்திருக்கலாம்.

இதை யார் செய்தது என்று தேட ஆரம்பித்தேன். யாருமே செய்யவில்லை என்பதுதான் பதில். தற்காலிகமாக வந்த ஒரு லோக்கம் டாக்டர் எப்போதோ பட்டியலில் மேலே வந்த வரியைச் சொடுக்கியிருக்கிறார், அது ரிப்பீட்டில் ஏறிவிட்டது, அதற்கப்புறம் ஆறு வருடம் மாதாமாதம் பொத்தான் அமுக்கிக் கையெழுத்து. இன்னொரு நோயாளிக்கு எழுதும்போது "முன்பு எழுதியது" பட்டியலில் அதே வரி முதலில் வந்து நின்றிருக்கிறது. இப்படியே பரவியிருக்கிறது. நாங்கள் மட்டும் இல்லை என்பது அப்புறம் தெரிந்தது. இந்தத் தளத்துக்காரர்களே இதை ஆராய்ந்து 2020இல் கட்டுரை வெளியிட்டார்கள், பேய் பிராண்டுகளில் மிகப் பெரும்பகுதி ஒரே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தும் சர்ஜரிகளில் இருந்து வந்திருந்தது. திரையில் வரிசை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து நாட்டின் மருந்துச் செலவு மாறுகிறது, யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இந்தத் தளம் பிடித்துப்போனதற்குக் காரணமே இதுதான். ஒரு சர்ஜரிக்கும் இன்னொரு சர்ஜரிக்கும் மருந்துச் செலவில் வித்தியாசம் என்றால் உடனே ஒரு டாக்டர் தாராளம், இன்னொருவர் கறார் என்று நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்தவரை அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி யாரும் எடுக்காத முடிவுகளால் வருவது. பழைய பழக்கம், கணினியின் வரிசை, ஆஸ்பத்திரியில் தொடங்கிக் கொடுத்ததை நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் போனது. இவற்றைச் சர்ஜரிக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியவே தெரியாது, ஏனென்றால் நமக்கு அதுதானே வழக்கம். பக்கத்தில் மற்றவர்களின் கோட்டை வைத்தால்தான் தெரியும்.

பிரைஸ் பர் யூனிட் என்ற பக்கமும் இதே ரகம். ஒரே மருந்து, ஒரே அளவு, எந்த வடிவத்தில் எழுதினால் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். ராமிப்ரில் நல்ல உதாரணம், கேப்ஸ்யூல் மலிவு, மாத்திரை விலை கூடுதல். தளம் "மாத்திரையைக் கேப்ஸ்யூலாக மாற்று, இவ்வளவு பவுண்ட் மிச்சம்" என்கிறது. சரி என்று பட்டியல் எடுத்தேன். பாதிப் பெயர்கள் நம்மவர்கள், குஜராத்திகள், பாகிஸ்தானியர். கேப்ஸ்யூலின் கூடு ஜெலட்டின், மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. சைவம் சாப்பிடும் பாட்டி ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்ட மாத்திரை அது, டாக்டரும் கேட்டு எழுதிக்கொடுத்திருக்கிறார். கோடு மேலே போவதற்கு இப்படி ஒரு நியாயமான காரணம் இருக்கும் என்று தளத்துக்கு எப்படித் தெரியும்? அதனிடம் இருப்பது மருந்தின் பெயரும் எண்ணிக்கையும் விலையும்தான். நோயாளியின் வயது தெரியாது, என்ன நோய்க்கு என்று தெரியாது. எழுதி, நோயாளி வாங்காமல் விட்ட மருந்தும் இதில் வராது. பல்கலைக்கழகத்தை ஒட்டிய சர்ஜரியில் கருத்தடை மாத்திரைக் கோடு வானத்தில் இருக்கும், முதியோர் இல்லங்கள் நிறைய உள்ள சர்ஜரியில் மலச்சிக்கல் மருந்து. இதற்கெல்லாம் ஓரளவு ஈடுகட்டத்தான் ஸ்டார்-பியூ என்று வயதையும் பாலினத்தையும் வைத்து எடை போடும் முறை சில அளவுகளில் இருக்கிறது. ஓரளவுதான்.

விலை விஷயத்தில் எழுதிய டாக்டரைக் குற்றம் சொல்லவே முடியாத இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன, கோடுகளைப் படிக்கப் பழகுகிறவர்கள் இவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று லயோதைரோனின், தைராய்டுக்கான பழைய மருந்து. பிராண்ட் பெயரை எடுத்துவிட்டு ஜெனரிக்காக விற்றதும் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே போய்விட்டது, அப்போது விற்றது ஒரே நிறுவனம். ஒரு பெட்டி 2009இல் ஏறக்குறைய 20 பவுண்ட், 2017இல் 248. என்ஹெச்எஸ் இதற்குச் செலவழித்தது 2006இல் 6 லட்சம் பவுண்ட், 2016இல் 3 கோடிக்கு மேல். 2021இல் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 10 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டது. இடைப்பட்ட வருடங்களில் அதை எழுதிய டாக்டர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, அதே நோயாளிக்கு அதே மாத்திரை. 2017 நவம்பரில் என்ஹெச்எஸ் இங்கிலாந்து, ஜிபிகள் வழக்கமாக எழுதக்கூடாதவை என்று 18 வகைகளைப் பட்டியல் போட்டபோது லயோதைரோனினும் அதில் வந்தது, ஹோமியோபதிக்கும் மீன் எண்ணெய்க்கும் பக்கத்தில். அந்த மாத்திரை இல்லாமல் தவித்த நோயாளிகளுக்கு அந்தப் பக்கத்து இருக்கை எப்படி இருந்திருக்கும்.

இன்னொன்று பிரகாபலின். 2015 மார்ச்சில் காப்புரிமை வழக்கு ஒன்றில் வந்த நீதிமன்ற உத்தரவின்படி, நரம்பு வலிக்கு எழுதும்போது லிரிகா என்று பிராண்ட் பெயரிலேயே எழுத வேண்டும் என்று இங்கிலாந்தில் எல்லா ஜிபிகளுக்கும் என்ஹெச்எஸ் கடிதம் அனுப்பியது. வழக்கமாக "ஜெனரிக்கில் எழுது, ஜெனரிக்கில் எழுது" என்று பாட்டுப் பாடும் அதே என்ஹெச்எஸ்! சொன்னபடி செய்த சர்ஜரிகளின் செலவு அதிகமாக நின்றது. 2017 ஜூலையில் காப்புரிமை முடிந்து விலை விழுந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அந்த வலி தொடர்பான உரிமைகோரலே செல்லாது என்று சொல்லிவிட்டது. மூன்று வருட மல்லுக்கட்டு, கடைசியில் இப்படி.

இன்னொரு பெரிய ஓட்டை, தளத்தின் தவறு இல்லை, ஆனால் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகும் இடம். இதில் தெரிவது பட்டியல் விலையை வைத்துப் போட்ட கணக்கு. கம்பெனிகள் பின்கதவு வழியாக என்ஹெச்எஸ்ஸுக்குத் திருப்பிக் கொடுக்கும் தள்ளுபடி ரகசியம், அதனால் தெரியாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் எடோக்சபான் அப்படித்தான். 2022 ஜனவரியில் என்ஹெச்எஸ் ஒப்பந்தம் போட்டு அதை முன்னுரிமை கொடுத்து எழுதச் சொன்னது. சொன்னதைக் கேட்டு மாற்றிய சர்ஜரிகளின் கோட்டில் தெரிந்த செலவு ஒன்று, உண்மையில் ஆன செலவு வேறு. இதை ஒரு கூட்டத்தில் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் "மிச்சம்" என்ற எண். ஒவ்வொரு அளவின் கீழேயும் ஒரு வாக்கியம் வரும், கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் நாட்டில் சரியாக நடுவில் நிற்கும் சர்ஜரி மாதிரி எழுதியிருந்தால் இத்தனை பவுண்ட் மிச்சம், சிறந்த பத்து சதவீதம் மாதிரி எழுதியிருந்தால் இத்தனை என்று. கணக்கு சரிதான், ஆனால் மயக்குகிற எண். மாற்றுவதற்கு ஆகும் வேலை அதில் இல்லை. எங்கள் சர்ஜரியில் நடந்ததையே சொல்கிறேன். பேய் பிராண்டுகளை ஒழிக்கிற வேகத்தில் நிஜ பிராண்ட் பெயரில் அம்லோடிபின் வாங்கிக்கொண்டிருந்தவர்களையும் ஒரே மூச்சில் ஜெனரிக்குக்கு மாற்றினோம். எல்லாருக்கும் குறுஞ்செய்தி அனுப்பியாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்தோம். இரண்டு வாரம் கழித்து எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் இரண்டு கணுக்காலும் வீங்கி, செருப்பு மாட்ட முடியாமல் வந்தார். பையிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தார். பழைய பெட்டியில் பிராண்ட் பெயர் பெரிதாக, புதியதில் அம்லோடிபின் என்று பெரிதாக. அவரைப் பொறுத்தவரை டாக்டர் புது மருந்து ஒன்றைச் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான். காலையில் அது ஒன்று, இது ஒன்று. குறுஞ்செய்தி போனது மகளின் போனுக்கு, மகள் இருப்பது வேறு ஊரில். நல்லவேளை, பழைய பெட்டியை நிறுத்தியதும் வீக்கம் வடிந்துவிட்டது. அவர் விஷயத்தில் நாங்கள் மிச்சம் பிடித்த காசு, அவரைப் பார்க்கச் செலவான அந்த ஒரு சந்திப்புக்கே காணாது. இப்போதெல்லாம் எழுபதைத் தாண்டியவர்களை மாற்றுவது என்றால் போனில் கூப்பிட்டு, வீட்டில் மிச்சம் இருக்கும் பெட்டியை எடுத்துவரச் சொல்லிப் பேசிவிட்டுத்தான் மாற்றுகிறேன்.

தளத்தின் மீது நேரடிப் புகார்களும் உண்டு. புதிதாக வருகிறவருக்கு மொழி கொஞ்சம் கரடுமுரடு, பிஎன்எஃப் அத்தியாயம், ஏடிக்யூ, நிகர விலை, உண்மை விலை என்று அடுக்கிக்கொண்டே போகும், விளக்கம் எங்கோ இருக்கிறது, தேட வேண்டும். அளவுகள் நிறைய, எதிலிருந்து தொடங்குவது என்று தலை சுற்றும் (சேமிப்பின்படி வரிசைப்படுத்தாதீர்கள், சதவீத நிலையின்படி வரிசைப்படுத்துங்கள், எனக்கு அதுதான் உதவியது). தகவல் இரண்டு மாதம் பிந்தி வருகிறது, இன்று செய்த மாற்றத்தைக் கோட்டில் பார்க்கக் காத்திருக்க வேண்டும், இது அவர்கள் கையில் இல்லை. போனில் பார்த்தால் கட்டங்கள் நசுங்கிவிடும். சில அளவுகளுக்கு அதிகம் நல்லதா குறைவு நல்லதா என்று தீர்ப்பே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், நிறையப் பேர் அதைக் குறையாகச் சொல்கிறார்கள், எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

செலவை மட்டும் பார்ப்பதும் இல்லை, அது இன்னொரு பிளஸ். இன்ஹேலர் பக்கத்தைப் பாருங்கள். ஆஸ்துமாவுக்கு எழுதும் நீல நிற சால்பியூட்டமாலில் வென்டோலின் ஒன்று, சாலமோல் ஒன்று, விலை கிட்டத்தட்ட ஒரே விலை, ஆனால் வென்டோலினின் கரியமிலச் சுமை இரண்டு மடங்குக்கு மேல். ஒரு பைசா செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றம், ஆனாலும் சர்ஜரிக்குச் சர்ஜரி கோடு எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கிராமப்புறங்களில் டாக்டரே மருந்தும் கொடுக்கும் சர்ஜரிகள் உண்டு, அங்கே விலை கூடிய மருந்துகள் அதிகம் எழுதப்படுகின்றன என்று இந்தக் குழு 2019இல் காட்டியது. அது கொஞ்சம் சூடான விஷயம், எங்கள் பக்கத்தில் யாரும் டீ நேரத்தில்கூட எடுப்பதில்லை.

நோயாளியாக இருப்பவருக்கு இது பயன்படுமா என்றால், படும், ஆனால் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் ரிசப்ஷனில் சண்டை போடாதீர்கள். உங்கள் சர்ஜரியின் கோடு எங்கோ மேலே இருக்கிறது என்றால் "ஏன்" என்று கேட்கலாம், அவ்வளவுதான், பதில் ஜெலட்டினாகவும் இருக்கலாம். சர்ஜரியில் வேலை செய்பவர் என்றால் மாதாந்தர மெயிலுக்குப் பதிவு செய்துவிடுங்கள், உங்கள் கோடு திடீரென்று திசை மாறினால் அதுவே சொல்லிவிடும். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மதிப்பெண்ணைக் குறைத்தது போனில் நசுங்கும் அந்தக் கட்டங்களுக்காக.

இந்த மாத மெயில் நேற்று வந்தது. வலிக்கு ஒட்டும் லிடோகெய்ன் பிளாஸ்டர், அதுவும் வழக்கமாக எழுதக்கூடாது என்ற அந்த 18இல் ஒன்று, எங்கள் கோடு மூன்று மாதமாக மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. டாக்டர்களைக் கேட்டேன், யாரும் புதிதாகத் தொடங்கவில்லை என்கிறார்கள், நம்புகிறேன். எலும்பு முறிவு வார்டில் இருந்து வந்த டிஸ்சார்ஜ் கடிதங்களில்தான் இருக்கும் என்று சந்தேகம். திங்கட்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும்.